முடங்கிக் கிடக்கும் முதல்

ஒரு கல்லூரி தன் விழா மலரை வெளியிடும்போது, அதன் பழைய மாணவர் சென்ற காலத்தை எண்ணி மகிழ்வதும், தம் ஆசிரியரை நினைந்து நன்றி பாராட்டுவதும், பரீட்சையிலும் விளையாட்டிலும் பெற்ற வெற்றிகளை வரிசைப்படுத்துவதும் முறையே. அப்பணியைச் செய்வார் இம்மலரிற் பலர் உளர். ஆதலின் நாம் வேறொரு கணக்கை எடுத்துப் பார்க்க விரும்புகின்றோம். இக்கல்லூரியின் மக்களாகிய நாம் இத்தனை ஆண்டுகளாக ஈட்டிய பொருள் எங்கே சென்றது? அது நம் ஊருக்கு என்ன செய்தது? இனி அதனைக் கொண்டு என்ன செய்யலாம்? இவையே நம் கேள்விகள்.

பொருளைப் பற்றிய பேச்சு கல்விச்சாலையின் மலருக்கு ஒவ்வாது என எண்ணுவாரும் உளர். அவர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் அறத்துப்பாலுக்கு 38ஐயும் காமத்துப்பாலுக்கு 25ஐயும் வகுத்த வள்ளுவர், பொருட்பாலுக்கு 70 அதிகாரங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்று 'பொருள் செயல்வகை' என்றே பெயர் பெறுகின்றது. கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள் துறவியே. எனினும் அவ்வித்தியாலயத்தின் கல்லும் மரமும் ஆசிரியரின் ஊதியமும் பொருளின்றி வந்தனவல்ல. பொருளைத் துறந்தோரும் பிறர் நலத்துக்காகப் பொருளைத் தேடினர். அதனைச் செவ்வையாகச் செலவிட்டனர். ஆகவே பொருளைப் பற்றிச் சிந்திப்பது கற்றோர்க்கு இழுக்காகாது. சிந்தியாதிருப்பதே இழுக்காகும்.

நம் கல்லூரி எதனை உண்டாக்கியது என்பதை முதலிற் பார்ப்போம். நம் பாட்டன்மார் காலத்தில் ஆங்கிலம் கற்றவனுக்குக் கச்சேரியில் இலிகிதர் உத்தியோகமும், தமிழ் கற்றவனுக்கு ஆசிரியத் தொழிலும் காத்திருந்தன. மாதம் முடியச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், ஊருக்கு வந்து போகப் புகையிரத ஆணைச்சீட்டு என இத்தனையும் கிடைத்த ஒருவனை, மழையை நம்பிப் படுவான்கரை வட்டைகளில் வேளாண்மை செய்த தன் தம்பியினும் மேலானவனாக ஊர் மதித்தது. அம்மதிப்புத் தவறென நாம் கூறோம். ஓராண்டு வெள்ளமும் மறு ஆண்டு வரட்சியும் வரும் நாட்டில், மாறாத வருமானம் ஒன்றைத் தேடுவது அறிவுடைய தெரிவேயாகும்.

ஆயினும் அந்தத் தெரிவுக்கு அடிப்படையாய் இருந்த நிலைமை இன்று மாறிவிட்டது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வந்தாறுமூலைக் கல்விக்கூடம் ஆண்டுதோறும் பட்டதாரிகளை வெளியேற்றுகின்றது. அவர்களுட் பெரும்பாலார் அரசாங்க நியமனத்தையே எதிர்நோக்கியிருக்கின்றனர். 2017ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவிலே வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் மறக்கவில்லை. அவர்களின் துயர் உண்மையானது. ஆனால் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஏற்கனவே சம்பளம் கொடுக்கும் அரசு, கற்றோர் அனைவரையும் தன் நிழலில் ஏற்றுக்கொள்ளும் எனக் காத்திருப்பது எத்தனை காலத்துக்கு ஆகும்? வேறு தொழில்கள் இங்கே ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், முதல் இல்லை என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடை சரிதானா என ஆராய்வோம்.

நம் பிரதேசத்தில் முதல் இல்லாமல் இல்லை. ஆசிரியர் குடும்பங்கள் சேமித்திருக்கின்றன. மத்திய கிழக்கு நாடுகளில் வெயிலில் உழைத்த நம் சகோதரரும் சகோதரியரும் அனுப்பியிருக்கின்றனர். இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழும் உறவினர் அனுப்பியிருக்கின்றனர். அப்பணம் எவ்வுருவில் நிற்கின்றது என்பதே கேள்வி. பெரும்பாலும் அது மூன்று உருவங்களில் நிற்கின்றது: வீடு, பொன், வங்கியில் நிலையான வைப்பு.

வீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு மாநிலத்தில் மணமான பின் கணவன் மனைவியின் இல்லத்திலே வாழச் செல்வது நெடுநாளைய வழக்கம். பெண் வழியாகச் சொத்து இறங்கும் முறை இங்கே முக்குவர் சட்டம் என்னும் பெயரால் நீதிமன்றங்களிலும் ஒரு காலத்தில் ஏற்கப்பட்டிருந்தது. சட்டம் மறைந்தும் வழக்கம் மறையவில்லை. மூத்த மகளுக்குத் தாம் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்த மகளுக்காக வேறொரு வீடு கட்டத் தொடங்குகின்றனர். தந்தையின் உழைப்பும் தமையனின் வெளிநாட்டுச் சம்பளமும் சீமெந்தாகவும் செங்கல்லாகவும் ஓடாகவும் மாறுகின்றன. இவ்வழக்கத்தில் ஒரு பெருநன்மை உண்டு: கணவன் கைவிட்டாலும் இறந்தாலும் பெண் தெருவில் நிற்கமாட்டாள். முப்பதாண்டு நீடித்த போர் எத்தனையோ பெண்களைத் தனியராக்கியது. அவர்களுக்குச் சொந்தக் கூரை எத்தகைய துணையாயிற்று என்பதை இவ்வூரார் அறிவர். ஆனால் நான்கு பெண்மக்கள் உள்ள குடும்பம் ஒன்று நாற்பதாண்டு ஈட்டியதனைத்தும் நான்கு வீடுகளாக நின்றால், அவ்வீடுகள் வாழ இடம் தருமேயன்றி வாழ வருமானம் தருவதில்லை. வீட்டைக் கொடுக்கவேண்டா என்பது நம் வாதமன்று. மாடியும் மண்டபமும் சேர்ந்த பெருவீட்டுக்குச் செல்லும் பணத்தில் ஒரு பங்கையேனும் அவள் பெயரில் ஒரு தொழிலாகக் கொடுத்தல் ஆகாதா என்பதே நம் கேள்வி.

அடுத்துப் பொன். பொன்னை முடங்கிய முதல் எனப் பொருளியல் நூலார் இகழ்வர். நம் ஊர் அனுபவம் அவ்வாறு முழுமையாகக் கூறவிடாது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தபோதும், போரில் மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் கல்லடியையும் நாவலடியையும் விழுங்கியபோதும், வீடும் உறுதியும் கடையும் அழிந்தன. கழுத்திற் கிடந்தது மாத்திரம் பலருக்கு எஞ்சியது. அதனை விற்றே பலர் மீண்டும் அடுப்பு மூட்டினர். மேலும், பெரும்போக விதைப்புக் காலத்தில் மனைவியின் நகை அடகு கடைக்கோ வங்கிக்கோ சென்று, விதைநெல்லாகவும் உரமாகவும் உழவுகூலியாகவும் வயலில் இறங்கி, அறுவடைக்குப் பின் மீட்கப்பட்டு வீடு திரும்புகின்றது. ஆகவே நம் பொன் உறங்குவதில்லை. ஆண்டுதோறும் உழைக்கவே செய்கின்றது.

ஆனால் அவ்வுழைப்பின் பயன் யார் கையிற் சேர்கின்றது? விதைப்பில் ஈடு வைத்தவர் எல்லாரும் ஒரே காலத்தில் மீட்கவேண்டியவராதலின், எல்லாரும் ஒரே காலத்தில் நெல்லை விற்கின்றனர். அறுவடை இயந்திரம் கொட்டும் ஈர நெல் வயல் வரம்பிலேயே வணிகரின் பார ஊர்தியில் ஏறுகின்றது. எல்லாரும் விற்கும் நாளில் விலை வீழ்வது இயல்பு. களஞ்சியமும் உலர்த்தும் வசதியும் கைப்பணமும் உடையவர் அதனை வாங்கி, நூற்றுக்கு 14 அளவுக்கு ஈரத்தைக் குறைத்து, விலை ஏறும்வரை காத்திருக்கின்றார். பொலன்னறுவை ஆலைகளுக்குச் சென்ற மட்டக்களப்பு நெல் அரிசியாகத் திரும்பி வரும்போது, அதனை விளைத்தவனே கூடுதல் விலை கொடுத்து வாங்குகின்றான். இடையில் இருக்கும் இலாபம் ஏமாற்றன்று. உலர்த்தி வைத்து அரைத்தற்குரிய முதலை இட்டவருக்குக் கிடைக்கும் கூலி அது. அம்முதலை நாம் இடவில்லை. ஆதலின் அக்கூலி நமக்கில்லை. மணமண்டபம் எழுப்பும் பணம் நம் ஊரில் உண்டு. நெற்களஞ்சியம் எழுப்பும் எண்ணந்தான் அரிதாயுள்ளது.

மூன்றாவது நிலையான வைப்பு. ஓய்வுபெற்ற நம் ஆசிரியர் பலரின் நம்பிக்கை இதுவே. இதில் ஆபத்தில்லை என்னும் எண்ணத்தை 2022ஆம் ஆண்டு சோதித்துப் பார்த்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 12இல் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களின் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. செப்தெம்பரில் ஓராண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவை அடைந்தது. 10 இலட்சம் ரூபா வைப்பு வைத்திருந்த ஒருவரின் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆயினும் 5,000 டொலர் பெறுமதியாயிருந்த அப்பணம் 2,800 டொலருக்கும் குறைந்த பெறுமதியுடையதாயிற்று. தொகை காக்கப்பட்டது, அத்தொகையால் வாங்கக்கூடியது காக்கப்படவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியின் கையிலிருந்த அரசு பிணைமுறிகளும் நீண்ட தவணையுடைய புதியவற்றுக்கு மாற்றப்பட்டன. அரசை நம்பிய பணத்துக்கும் அரசின் நோய் தொற்றும் என்பதை இதனால் அறிந்தோம்.

இதனைக் கண்டு வங்கியிலுள்ள பணத்தை எடுத்துவிடுக என நாம் கூறவில்லை. நோய்க்கும் மழைக்காலத்துக்கும் வேண்டிய பணம் வங்கியிலேதான் இருக்கவேண்டும். வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்படி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குரிய காப்பு 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட தொகையை ஒரே நிதிக் கம்பனியில் வைப்போர் அக்கம்பனியின் ஐந்தொகையை ஒரு முறையேனும் பார்க்கவேண்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று வட்டி கூடுதலாகக் கிடைக்கின்றதென்றால், அவ்விரண்டு மூன்று எதற்கான விலை எனக் கேட்கவேண்டும். பிறர் தர அஞ்சும் வட்டியை ஒருவர் தருகின்றாரெனின், பிறர் ஏற்க அஞ்சும் ஆபத்தை நம் பணத்தைக் கொண்டு அவர் ஏற்கின்றார் என்பதே பொருள்.

சேமிப்போரைப் பற்றிக் கூறினோம். கடன்படுவோரின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. 2009இல் போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் கிழக்கெங்கும் பரவின. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவரைப் பிணையாக்கி, வாரந்தோறும் வீட்டு வாசலில் அறவிடும் முறை அது. கோழி வளர்க்கவும் தையல் இயந்திரம் வாங்கவும் என எடுக்கப்பட்ட கடன் பல வேளைகளில் மருந்துக்கும் சோற்றுக்கும் பழைய கடனை அடைப்பதற்கும் சென்றது. 2018இல் வரட்சியால் வாடிய மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட இத்தகைய கடன்களிலிருந்து பெண்களை விடுவிக்கும் திட்டத்தை அரசே அறிவிக்கவேண்டியதாயிற்று. அத்துணைத் தூரம் அத்தீமை வளர்ந்திருந்தது.

இங்கே கல்வியின் கடமை ஒன்று உண்டு. 50,000 ரூபாக் கடனுக்கு 'ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி' எனக் கூறி, 12,000 ரூபாவைக் கூட்டி, 62,000 ரூபாவைப் பன்னிரண்டு மாதங்களில் சமமாகக் கட்டச் சொன்னால், அவ்வட்டி உண்மையில் எவ்வளவு? மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருதலின், ஆண்டு முழுதும் கடனாளியின் கையில் சராசரியாக நின்ற பணம் 27,000 ரூபா அளவே. 27,000க்கு 12,000 வட்டியெனின் அது நூற்றுக்கு 40ஐத் தாண்டும். இக்கணக்கு எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் எட்டும். எனினும் கடன் பத்திரத்தில் ஒப்பமிடும் தாய்க்கு இதனைச் சொல்லிக்கொடுப்பார் எவருமில்லை. அவள் மகன் நம் கல்லூரியிலே படிக்கின்றான். அவன் அக்கணக்கைப் பரீட்சைத் தாளில் மாத்திரம் செய்தாற் போதுமா?

இதனோடு ஒட்டிய மற்றொன்று, விரைவிற் செல்வம் தருவதாகக் கூறும் ஆட்சேர்ப்புத் திட்டங்கள். ஒருவர் ஐவரைச் சேர்த்தால் இலாபம் என்பது அவற்றின் வாக்கு. ஐவர் இருபத்தைவரையும் அவர் நூற்றிருபத்தைவரையும் சேர்க்கவேண்டும். எட்டாம் படியில் 3,90,625 பேர் வேண்டும். ஒன்பதாம் படியில் 19 இலட்சத்துக்கு மேல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள்தொகையோ ஐந்தேகால் இலட்சம் அளவே. ஒன்பதாம் படியிற் கைக்குழந்தையும் மிஞ்சாது. கடைசிப் படியில் நிற்போர் இழப்பதே மேற்படியில் நின்றோர் பெறும் இலாபம். இந்நாட்டு வங்கிச் சட்டம் இத்தகைய திட்டங்களைத் தடைசெய்திருக்கின்றது. இருந்தும் கற்றவரே இவற்றின் முகவராகத் திரிவது நம் கல்விக்கு மாசாகும்.

இனி, முதலைத் தொழிலாக்கிய பிறரைப் பார்ப்போம். 1906இல் சென்னையில் ஆர்பத்நட் கம்பனி முறிந்தபோது, அப்பெயரை நம்பிப் பணம் வைத்த எத்தனையோ குடும்பங்கள் வறுமையுற்றன. அவ்வீழ்ச்சியைக் கண்டோர் வங்கியே வேண்டா என ஒதுங்கவில்லை. வழக்கறிஞரும் நகரத்தார் வணிகரும் ஒன்றுகூடி 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். தூத்துக்குடியில் நாடார் சமூகத்தார் 1921இல் தமக்கென ஒரு வங்கி கண்டனர். அதுவே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. வணிகத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' எனப் பொதுவில் இட்டு அதனாற் பள்ளிகளை எழுப்பியதும் அச்சமூகத்தின் வழக்கம். சிவகாசியிலிருந்து இருவர் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923இல் மழை குறைந்த தம் ஊரில் அதனைத் தொடங்கினர். பயிருக்குத் தீமையான வரட்சி தீக்குச்சிக்கு நன்மையாயிற்று. அவ்வூர்த் தொழிலிற் சிறுவர் உழைப்பு என்னும் பழியும் பின்னாளிற் சேர்ந்தது, அதனையும் மறைக்கவேண்டா. ஊருக்குத் தொழில் வருவதாலேயே ஊர் நன்மையடைந்துவிடாது என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

குசராத்தின் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் 1946இல் அமைத்த கூட்டுறவு நமக்கு இன்னும் அணித்தான உதாரணம். தனியார் நிறுவனம் ஒன்றுக்கே பாலை விற்கவேண்டிய நிலையிலிருந்து விடுபட அவர்கள் ஒன்றுசேர்ந்தனர். திருபுவன்தாசு பட்டேலின் தலைமையும், 1949இல் ஆனந்துக்கு வந்த குரியனின் தொழிலறிவும் அதனை அமுல் என்னும் பெயரில் இந்தியா முழுதும் அறியச் செய்தன. அங்கே நிகழ்ந்த அற்புதம் எதுவுமில்லை. நாளுக்கு இருமுறை பாலை அளந்தனர், கொழுப்பைச் சோதித்தனர், தரத்துக்கேற்ற பணத்தைத் தவறாது கொடுத்தனர். படுவான்கரையின் எருமைத் தயிருக்குப் புகழுண்டு. அப்புகழுக்கு ஏற்ற அளவையும் சோதனையும் கணக்கும் ஏற்படாமையால் அது சட்டியோடு நின்றுவிட்டது.

1991இல் இந்திய நாடே நம் உழவனின் நிலையை எய்தியது. அந்நியச் செலாவணி வற்றியபோது அந்நாட்டின் றிசேர்வ் வங்கி 47 தொன் அளவான பொன்னை ஈடாக அனுப்பிக் கடன் பெற்றது. ஈடு வைத்ததால் அந்நாடு உய்யவில்லை. ஈட்டினாற் கிடைத்த சிறு அவகாசத்தில், அவ்வாண்டு யூலையில், நரசிம்மராவின் அரசும் நிதியமைச்சர் மன்மோகன் சிங்கும் தொழிலைக் கட்டியிருந்த அனுமதிப்பத்திரத் தளைகளை அறுத்தனர். அடுத்த ஆண்டே பம்பாய்ப் பங்குச்சந்தையில் அர்சத் மேத்தாவின் மோசடி வெளிப்பட்டது. அதன் பின்னரே சந்தையைக் கண்காணிக்கும் விதிகள் வலுப்பெற்றன. இன்று அந்நாட்டில் மாதச் சம்பளக்காரர் பலர் சிறுதொகையை மாதந்தோறும் பரஸ்பர நிதிகளில் இட்டுப் பெருங்கம்பனிகளின் பங்காளராகின்றனர். நம் நாட்டிலும் கொழும்புப் பங்குச்சந்தை உண்டு. பங்கு என்பது ஒரு தொழிலின் உரிமையில் ஒரு சிறு கூறு. அத்தொழிலின் ஆண்டறிக்கையைப் படித்து, பத்தாண்டு பொறுக்கக்கூடிய பணத்தை இடுபவர் முதலீட்டாளர். மச்சான் சொன்னார் என வாங்கி மறுவாரம் விற்பவர் சூதாடி. இருவருக்கும் ஒரே சந்தையே இடமாயினும், இருவர் செய்வதும் ஒன்றன்று.

நம் வாசலிலும் உதாரணங்கள் இல்லாமலில்லை. எறியப்பட்ட வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்ய 1956இல் வாழைச்சேனையில் ஆலை எழுந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. இந்நாட்டு மாணவர் அதன் தாள்களில் எழுதினர். பிற்காலத்தில் இறக்குமதிக் கடதாசியின் போட்டியும் போரும் அதனை நலிவித்தன. மூலப்பொருள் அருகிலிருத்தல் மாத்திரம் ஒரு தொழிலைக் காவாது. இயந்திரத்தைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கும் முதலும், நட்டத்தை மறைக்காத கணக்கும் வேண்டும். இக்கல்லடிக்கு அடுத்த காத்தான்குடியிலோ, சிறுவயதிலேயே கடையிற் பழகி, கொள்முதலும் விலையும் கடனும் வரவும் அறிந்து வளரும் வழக்கம் இருக்கின்றது. நம்மவருட் சிலர் அதனைப் பொறாமையோடு பேசுவர். அயலவர் கற்றதை நாம் ஏன் கற்கவில்லை எனக் கேட்பதே தகும். அவர் கடை வளர்ந்ததால் நம் கடை குறைந்துவிடவில்லை. நாம் கடை திறக்கவேயில்லை.

இவற்றால் நாம் வந்தடையும் முடிபு இது. பழைய மாணவர் சங்கங்கள், சிறப்பாக வெளிநாட்டுக் கிளைகள், கட்டிடத்துக்கும் பரிசுக்கும் பணம் தருகின்றன. அத்தொண்டு தொடரவேண்டும். ஆனால் ஈகை மாத்திரம் போதாது. ஈகையோடு முதலீடும் வேண்டும். ஈகை கொடுத்த அன்றே முடிகின்றது. முதலீடோ ஆண்டுதோறும் கணக்குக் கேட்கின்றது. கணக்குக் கேட்பதால் பொறுப்பை வளர்க்கின்றது. பத்துப் பேர் சேர்ந்து 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் கீழ் வரையறுத்த பொறுப்புடைய ஒரு சிறு கம்பனியைப் பதிவுசெய்யலாம். அதன் முதல் வேலை நெல் உலர்த்தும் பொறியும் களஞ்சியமுமாயிருக்கலாம், தயிரைப் பதப்படுத்துதலாயிருக்கலாம், நம் பட்டதாரிகள் இங்கிருந்தே பிற நாடுகளுக்குக் கணக்கியலும் கணினி வேலையும் செய்யும் ஒரு நிலையமாயிருக்கலாம். 1928இல் திறக்கப்பட்ட மானிங் சீமாட்டி பாலத்துக்கு அருகே 2013இல் புதிய கல்லடிப் பாலம் எழுந்தது. 2014இல் மண்முனைப் பாலம் படுவான்கரைக்கு வழி திறந்தது. தோணியும் பாதையும் காத்து நின்ற பண்டம் இன்று சில நிமிடங்களில் வாவியைக் கடக்கின்றது. பாலத்தைப் பிறர் இட்ட முதல் தந்தது. அதன்மேற் செல்லும் பண்டத்தை நாமே தரவேண்டும்.

இதற்கு எழும் தடைகளை நாம் அறியாமலில்லை. உறவினரை நம்பிப் பணம் அனுப்பி இழந்தோம் என்பர் வெளிநாட்டிலிருப்போர். உண்மையே. நம்பிக்கையைக் கணக்குக்குப் பதிலாக வைத்தமையே அதற்குக் காரணம். பேரேடு எழுதச் சொன்னால் மைத்துனர் மனம் நோவார் என அஞ்சுவோர் மைத்துனரோடு தொழில் தொடங்குதல் ஆகாது. வெளியார் ஒருவர் கணக்காய்வு செய்யட்டும்; தகுதி நோக்கி வேலைக்கு எடுக்கட்டும்; முதல் மூன்றாண்டு இலாபத்தைப் பிரிக்காது தொழிலிலேயே இடட்டும். இழந்தாலும் குடும்பம் கலங்காத தொகையை மாத்திரம் ஒவ்வொருவரும் இடட்டும். கடன்பட்டுப் பங்கு வாங்குதல் கூடாது. வெள்ளமும் வரட்சியும் அரசின் திடீர் ஆணையும் வரும் என்பதை முன்னரே எண்ணவேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல்லையே நம்பியிருந்தோர் பட்ட பாட்டை நாம் கண்டோம். ஆதலின் ஒன்றிலேயே அனைத்தையும் இடாமை வேண்டும்.

முயன்றும் சில தொழில்கள் தோற்கும். அது நிச்சயம். ஆனால் ஒளிவின்றி எழுதப்பட்ட கணக்கோடு தோற்ற தொழில் ஒன்று பின்வருவோர்க்குப் பாடப்புத்தகமாகும். மறைவில் தோற்றதோ ஊருக்குப் பகையை மாத்திரம் விட்டுச்செல்லும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வர்த்தகப் பிரிவு மற்றவற்றிற் புகமுடியாதோர் ஒதுங்கும் இடம் என்னும் எண்ணத்தை வகுப்பறையிலிருந்து அகற்றுக. கலைப் பிரிவு மாணவனும் விஞ்ஞான மாணவனும் வட்டிக் கணக்கையும் ஐந்தொகையையும் கடன் பத்திரத்தையும் வாசிக்கக் கற்றே வெளியேறுக. தொழில் தொடங்கிய பழைய மாணவர் ஒருவரைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்து, அவர் வென்ற கதையோடு நட்டப்பட்ட கதையையும் சொல்லச் செய்க. மாணவர்க்கு ஒன்று கூறுவோம்: உத்தியோகம் பெறுதல் நன்று, நாலு பேருக்கு உத்தியோகம் கொடுத்தலும் கல்வியின் பயனே.

இம்மலரின் பக்கங்களில் கல்லூரிக்கு நன்கொடை அளித்தோரின் பெயர்ப் பட்டியல் இருப்பது வழக்கம். அடுத்த விழா மலரில் அதற்கு அடுத்த பக்கத்தில் வேறொரு பட்டியலும் இடம்பெறவேண்டும் என விரும்புகின்றோம். பழைய மாணவர் சேர்ந்து இவ்வாவிக்கரையில் நடத்தும் தொழிலின் பெயர், இட்ட முதல், அதில் வேலை செய்வோரின் தொகை, கணக்காய்வாளர் ஒப்பமிட்ட அவ்வாண்டின் இலாபமோ நட்டமோ ஆகியவை அதில் இருக்கட்டும். இலாபமாயின் மகிழ்வோம், நட்டமாயின் ஏனென்று கேட்போம். அப்பக்கத்துக்கு வேண்டிய முதற்கூட்டத்தை இவ்விழாவுக்கு வந்திருக்கும் நாமே, ஊர் திரும்புமுன், கூட்டலாம்.